வைவதற்கு வசதியான பெயர்

தந்தி கிடைத்து, பஸ் பிடித்து வல்லத்திராக்கோட்டைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். முகத்தையாவது பார்க்கக் கிடைத்தது. வந்த பெண்களெல்லாம் "கீரமங்கலத்தா போயிட்டாளே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா பிறந்த ஊர் கீரமங்கலம். எங்கள் பக்கம் வாழ வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அன்றுவரை அது எனக்கு உறுத்தியதில்லை.

பால் தெளித்த மறுநாள், சாவைப் பதிய அண்ணன் கிராம முன்சீப் வீட்டுக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். ராஜா காலம் போய், ஜில்லா மாறிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. முன்சீப்பின் நாற்காலி மட்டும் மாறவில்லை. நோட்டை விரித்து, "இறந்தவங்க பேரு?" என்றார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "கீரமங்கலத்தா."

அவரும் அப்படியே எழுதிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"அது ஊரு பேருங்க. அவங்க பேர எழுதுங்க."

"அப்ப நீயே சொல்லு தாயி."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என்னைப் பெற்றவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா பெயரைக் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அப்பா பெயரைத்தான் போட்டார்கள். நானாகவும் ஒருநாள் கேட்டதில்லை. அந்த வெட்கம் எனக்கும் உண்டு. அண்ணனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்சீப் சிரித்தார். "இதுக்குப் போயி எதுக்கு இந்த வீம்பு? ஒன்னைய ஒங்க மாமியா வீட்டுல என்ன சொல்லிக் கூப்பிடுறாங்க?"

வாழப்போன நார்த்தாமலையில் ஒன்பது வருஷமாக நான் 'கோட்டையா'. வல்லத்திராக்கோட்டை என்று முழுதாகச் சொன்னால் வாய் வலிக்குமாம். அதை அவரிடம் சொல்லவில்லை. "இந்தா வாரேன், நோட்ட மூடாதீங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா பேரு என்னப்பா?"

வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னார். "எங்க ஆத்தா பேருதான் அவளுக்கும்."

அப்பாவின் அம்மாவை நான் பார்த்ததில்லை. பெயர் தெரியும். வருஷா வருஷம் அவளுக்குப் படைக்கும்போது அப்பா அந்தப் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுவார். படையலுக்கு ஆக்கியது அம்மா. தன் பெயரைச் சொல்லிச் செத்தவளைக் கும்பிடுவதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒரே பேரா இருந்தா கூப்பிடக் கூடாதா?"

"ஒரு கோவத்துல நாலு வார்த்தை வைய வேண்டி வரும். பெத்த ஆத்தா பேரச் சொல்லி எப்புடி வையிறது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாராளமாக வைய வேண்டும் என்பதற்காக ஒருத்தியின் பெயரையே பிடுங்கியிருக்கிறார்கள். துக்க வீடு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"வையாம இருந்திருக்கலாம்ல? அது தோணலையா ஒங்களுக்கு?"

அப்பா அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

முன்சீப்பிடம் திரும்பிப் போய்ப் பெயரைச் சொன்னேன். "அடிச்சு எழுதுனா நோட்டு அசிங்கமாப் போயிருமே" என்று இழுத்தார். "போகட்டுங்க" என்றேன். அவர் அடித்து, மேலே எழுதி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தவரை யாருக்கும் வேண்டாமல் போனது, இப்போது உங்களுக்கு மட்டும் எதற்கு?

கருமாதி முடிந்து நார்த்தாமலைக்குத் திரும்பினேன். வாசலில் செம்புத் தண்ணீரோடு மாமியார் நின்றிருந்தார்.

"கோட்டையா, காலக் கழுவிட்டு உள்ள வா."

நான் அசையவில்லை.

"கோட்டையா, ஒன்னையத்தான்."

"என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அத்தை, வாரேன்."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். முன்சீப்பின் முன்னால் நான் நின்ற மாதிரியே, திறந்த வாயோடு நின்றார்.