கை தூக்கிய பிறகு

நெசவுக்கார வீட்டுப் பெண், அதனால்தான் கண் இவ்வளவு கூர்மை என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துப்பாக்கி சுடும் திடலில் என்னைக் கெடுத்ததே அந்தக் கண்தான்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். நெசவாளர்கள் நெய்து கொண்டுவரும் புடவைகளை வெளிச்சத்தில் விரித்து, இழை அறுந்திருக்கிறதா, கரை சேரும் இடம் பிசிறியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. "நம்பும்மா, சுத்தமா இருக்குது" என்பார்கள். நம்புவதற்கா எனக்குச் சம்பளம்? தடவிப் பார்ப்பேன், திருப்பிப் பார்ப்பேன், முடிந்தது என்று தோன்றியதும் இன்னொரு முறை பார்ப்பேன். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிற ஆள் நான்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டதோடு சரி. நாற்பதைத் தாண்டிய பிறகுதான், ஊருக்கு வெளியே ஒரு கிளப்பில் களிமண் தட்டு சுடச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். களிமண் என்று பெயர்தானே தவிர, அது தாரும் சுண்ணாம்புத்தூளும் கலந்த ஆரஞ்சு நிறத் தட்டு. நாம் குரல் கொடுத்ததும் பள்ளத்திலிருக்கும் எந்திரம் அதை வீசும். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. இரண்டு தோட்டாவுக்குள் உடைக்க வேண்டும்.

"இந்த வயசுல துப்பாக்கி எதுக்கும்மா, யாரைச் சுடப் போற?" என்று சங்கத்தில் ஒரு நெசவாளர் கேட்டார்.

"டேமேஜ் புடவை கொண்டாறவங்களை" என்றேன். அவர் அன்றைக்குப் புடவையைப் பிரிக்கவே யோசித்தார்.

சொந்தத் துப்பாக்கி இல்லாத உறுப்பினர் ஒருவருக்குக் கிளப் தன்னிடமிருந்த நல்ல துப்பாக்கி ஒன்றை ஒரு வருடத்துக்கு ஒதுக்கும். அந்த முறை எனக்குக் கிடைத்தது. மாநிலப் போட்டியில் தேசியப் போட்டிக்கான தகுதியை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் துப்பாக்கி அடுத்தவருக்குப் போய்விடும் என்பது நிபந்தனை. அந்தத் துப்பாக்கி என் தோளில் பொருந்தி உட்கார்ந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் தட்டு உடையவில்லை. துப்பாக்கிக் குழாய் தட்டைத் துரத்திப் போகும், விசையை இழுக்கும் நேரத்தில் தட்டு தப்பிவிடும். கோச் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். பல நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுடறதுக்கு முன்னாடி ஒரு தடவ துப்பாக்கிய செக் பண்றீங்கக்கா. கண்ணு குழாய்க்கு வந்துச்சுனா கை நின்னுடும். தட்டு நிக்காது."

உண்மைதான். குழாயின் நுனியில் குறிபார்க்கப் பாசிமணி போலச் சின்னதாக ஒரு மணி இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அதை ஒரு கணம் பார்த்துக்கொள்ளாமல் என்னால் விசையை இழுக்க முடியவில்லை. மறுவாரம் கோச் அந்த மணியையே கழற்றிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குருட்டாம்போக்கில் சுடச் சொல்கிறாயா என்று கத்தினேன். "தட்டை மட்டும் பாருங்க. மீதிய கை பாத்துக்கும்" என்றார்.

கையை நம்புவதாவது! வீம்புக்குத்தான் சுட்டேன். பார்க்க மணி இல்லாததால் கண் தட்டிலேயே நின்றது. தட்டின் விளிம்பு தெரிந்தது, அது சுழல்வது தெரிந்தது. அடுத்த நொடி அது தூள்தூளாகிக் காற்றில் கலைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் ஒரே நாளில் போகுமா? மணி இல்லாவிட்டாலும் அது இருந்த இடத்தைப் பார்க்கக் கண் அவ்வப்போது ஓடும். ஓடும்போதெல்லாம் தட்டு போகும்.

மாநிலப் போட்டி நாள் காலையில் கோச் ஒரே பாடமாகப் பாடினார். "எது நடந்தாலும் விட்டுடுங்க. ரெஃப்ரீ தப்பா சொன்னாலும் விட்டுடுங்க. சண்டை போட்டா மனசு கலைஞ்சிடும். மனசை காலியா வெச்சுக்கோங்க." நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். வாயை மூடிக்கொண்டு, மனத்தைக் காலியாக வைத்துக்கொண்டு நின்றேன். காலியான இடத்தில் பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சரியாகத்தான் பிடித்திருக்கிறேனா, கோச் பார்க்கிறாரா, கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஒட்டியிருக்கிறதா? சுற்றுக்குச் சில தட்டுகள் முழுசாகப் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தன.

கடைசிச் சுற்றில் பாதி தாண்டியிருந்தது. இடப்பக்கம் தாழ்வாக ஒரு தட்டு போனது. இரண்டாவது தோட்டாவில் அதன் விளிம்பிலிருந்து நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்ததைப் பார்த்தேன். கண்ணால் காணும்படி ஒரு துண்டு பெயர்ந்தாலும் அது உடைந்த கணக்குத்தான், விதி அப்படி. ரெஃப்ரீ "லாஸ்ட்" என்றார், தட்டு உடையவில்லை என்று.

பக்கத்தில் அடுத்துச் சுட நின்றவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார். அவர் சுட்டுவிட்டால் பிறகு கேட்க முடியாது. நான் கை தூக்கினேன். பின்னால் கோச் "ஐயோ" என்பது காதில் விழுந்தது.

"என்ன மேடம்?"

"சில்லு விழுந்துச்சு சார். நான் பாத்தேன்."

ஓரத்தில் நின்ற துணை நடுவரைக் கேட்டார்கள். அவர் கவனிக்கவில்லை என்றார். யாரோ பின்னால் உச்சுக்கொட்டினார்கள். ரெஃப்ரீ யோசித்துவிட்டு, தன் முடிவில் மாற்றமில்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நான் பார்த்தது பார்த்ததுதான், நீங்கள் எழுதிக்கொள்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வரிசையில் அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். சுட்டேன். நகர்ந்தேன். சுட்டேன்.

முடிவில் தகுதிக்கு ஒரே ஒரு தட்டு குறைந்தது.

திரும்பும்போது கோச்தான் கார் ஓட்டினார். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் சொன்னார். "நீங்க கை தூக்கி இருக்கக் கூடாதுக்கா. டென்ஷன் ஆயிட்டீங்க. அதான் ஒண்ணு போச்சு."

"கை தூக்கினதுக்கு அப்புறம் எத்தினி தட்டு விட்டேன்? சொல்லுப்பா."

அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. ஒரு லாரியை முந்திவிட்டுச் சொன்னார். "ஒண்ணும் விடலக்கா."

"விட்டதெல்லாம் மனசை காலியா வெச்சுக்கினு நின்னப்ப விட்டது."

 கொஞ்ச தூரம் போனதும் அவர் தயங்கித் தயங்கி, கிளப் துப்பாக்கியை வேறு ஒருவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்றார்.

"குடு. ஞாயித்துக்கெழம வருவேன். புதுசா சேர்றவங்களுக்குன்னு ஒரு பழைய துப்பாக்கி வெச்சிருக்கீங்களே, அத எடுத்து வை."

"அது உங்க தோளுக்குச் சேராதுக்கா. கட்டை ரொம்ப நீளம்."

"நீளம்னா அறுத்துடலாம்பா" என்றேன்.