தலையணைக்கு அடியில் ஒரு கெம்போஜா

எந்தப் பூ எதற்கு என்பதில் என் சித்தியிடம் ஒரு சட்டப்புத்தகமே இருந்தது. மல்லிகை நல்ல காரியத்துக்கு. செவ்வந்தி சாமிக்கு, ஆனால் வெள்ளைச் செவ்வந்தியை மேல்மாடிச் சீனர் வீட்டுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அவர்களுக்கு அது சாவு வீட்டுப் பூ. செம்பருத்தி அம்மனுக்கும் ஆகும், பள்ளிக்கூடச் சுவரில் நாட்டின் பூவாகவும் இருக்கும். ஒன்பது வயதில் இதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டு ஈப்போவில் எங்கள் சிலிபின் வட்டாரத்தில் பெரிய மனுஷியாகத் திரிந்தேன். கெம்போஜாப் பூ மட்டும் சித்தியின் பட்டியலில் இல்லை. அவளுக்கே தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அம்மாவின் வயிற்றில் கட்டி என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆப்பரேஷனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் அப்பா என்னை அழைத்துப் போனார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு கெம்போஜா மரம். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், நல்ல வாசனை. கீழே கிடந்ததில் வாடாத ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வாங்கி வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அவள் குளியலறைக்குப் போனதும், பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நோயாளிக்கு அந்தப் பூவைக் கொடுக்கலாமா, அது கல்லறையில் நடுகிற மரத்தின் பூ அல்லவா என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

அம்மா திரும்பி வந்து, சரியாக அந்தத் தலையணையில் தலைவைத்துப் படுத்தாள். எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம் கேட்பாள். கல்லறை என்று நான் சொன்னால், அந்தச் சொல்லே அவளைக் கொண்டுபோய்விடும் என்று பயந்தேன்.

"நேரமாச்சுலா, போலாம்" என்றார் அப்பா.

வீட்டில் தெரிந்த சாமிகளிடமெல்லாம் வேண்டிக்கொண்டேன். இனிமேல் எந்தப் பூவையும் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கண்ணை மூடினால் மூக்கில் அந்த வாசனைதான் வந்தது. காலையில் நானும் வருவேன் என்று அடம்பிடித்து அழுததில், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் அப்பா கூட்டிக்கொண்டு போனார்.

கட்டில் காலியாக இருந்தது. போர்வையை மடித்து வைத்திருந்தார்கள். அம்மா செத்துப்போய்விட்டாள், நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். மலாய்க்கார அம்மாள்தான் ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொன்னார். அப்பா நர்ஸைப் பார்க்கப் போனார். நான் தலையணையைத் தூக்கினேன். பூ ஓரம் பழுத்து அங்கேயே இருந்தது. எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே ஓடி, மழைத்தண்ணீர் போகிற பெரிய லோங்காங் சாக்கடையில் வீசினேன். அது சுழன்று பாலத்துக்கு அடியில் போகும்வரை நின்று பார்த்தேன்.

சாயங்காலம் அம்மாவை உயிரோடு கொண்டுவந்தார்கள். கட்டியை எடுத்தது டாக்டர். ஆனால் காப்பாற்றியது யார் என்பது எனக்கல்லவா தெரியும்!

மறுநாள் அம்மாவுக்கு நன்றாக நினைவு வந்ததும், அவள் கை முதலில் தலையணைக்கு அடியில்தான் போனது.

"பூ எங்கடி?"

"நான் தூக்கிப் போட்டுட்டேன்மா. அதான் நீங்க பொழைச்சீங்க."

"எங்க போட்டே?"

"லோங்காங்ல. கார் பார்க் பக்கம்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. தையல் வலிக்கிறது என்று நினைத்து நான் நர்ஸைக் கூப்பிடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எனக்குப் பதினாறு வயதானபோது ஒருமுறை சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணத்துக்குப் போனோம். கல்யாணமான புதிதில் அம்மாவும் அப்பாவும் வேலை செய்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. இப்போது வரிசை வீடுகள். அம்மா காரை நிறுத்தச் சொன்னாள்.

"அந்தக் கடைசி வீடு இருக்கு பாரு, அங்கதான் தோட்டத்துச் சுடுகாடு. ஒரு கெம்போஜா மரம் இருந்துச்சு. உங்கண்ணனை அதுக்கடியிலதான் புதைச்சோம். பதினோரு நாள்தான் இருந்தான். வீடு கட்ட வந்தப்ப மரத்தையும் தள்ளிட்டாங்க."

அதுவரை நான்தான் மூத்தவள் என்று நினைத்திருந்தேன். சித்தியின் பட்டியலில் அந்தப் பூ ஏன் இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

"ஆப்பரேஷனுக்கு முந்தி ரொம்பப் பயமா இருந்துச்சுடி. அந்த வாசனை வந்ததும், அவன் பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், கார் பார்க் பக்கம் என்று நான் கையைக் காட்டியதும், அம்மா அந்தப் பக்கத்து ஜன்னலை நோக்கி முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் கண்ணில் அடிக்கிறதாக்கும் என்று, நான் போய்த் திரையை இழுத்து மூடினேன்.