பத்துமலைக்கு நாற்பத்தொன்று

கெர்ட்ரூட் எண்ணினால் தப்பாது என்று ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பேர் இருந்தது. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை அழித்து எழுப்பிய பயிர் ஆராய்ச்சி நிலையம் அது. பால்மரம் வெட்டிய அந்தோணிமுத்துவின் மூத்த மகளான கெர்ட்ரூட், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அங்கே நூலகக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தாள். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “நேரம் கெடைக்கலைலா” என்று சொல்லிவிட்டு அலமாரிப் பக்கம் போய்விடுவாள். மேற்கொண்டு கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

எண்பத்தாறில் ஈய விலை விழுந்தது, ரப்பர் விலை விழுந்தது, அரசாங்கம் கையைச் சுருக்கிக்கொண்டது. நான்கு ஆராய்ச்சி அதிகாரிகளில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்று ஓலை வந்தது. டைரக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் எண்ணாக்கிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஓர் ஆய்விதழை வெளியார் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி, அதை வைத்துத் தரம் போடும் வித்தையை அவர் ஒரு மாநாட்டில் கற்று வந்திருந்தார். முதலில் அந்த எண்ணிக்கையைப் பார்த்து முப்பது ஆய்விதழ்களின் சந்தாவை நிறுத்தினார். ஒருவரும் அழவில்லை. இதழுக்குச் செல்லும் தராசு ஆளுக்குச் செல்லாதா என்று அடுத்தபடியாக அதிகாரிகள் பக்கம் திரும்பினார்.

எண்ணும் வேலை கெர்ட்ரூட்டிடம் வந்தது. அமெரிக்காவில் கம்ப்யூட்டரில் அச்சாகி வரும் மேற்கோள் அட்டவணைகள், தலையணை தலையணையாக, பத்து வருஷத்துக்கு இருந்தன. யாருடைய கட்டுரையை யார் யார் எங்கே குறிப்பிட்டார்கள் என்பது பெயர் வரிசைப்படி பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கையில் அடிக்கோல், ஒரு கையில் பூதக்கண்ணாடி என்று பதினொரு நாள் உட்கார்ந்து எண்ணினாள். இரண்டு பேருக்கு இருபதுக்கு மேல் வந்தது. கொக்கோப் பூச்சி ஆராயும் ஸ்டானிஸ்லாசுக்கு ஒன்பது. ரப்பரின் வேர்நோய் ஆராயும் ராமையாவுக்கு மூன்று. ஸ்டானிஸ்லாஸ் அவளுடைய தங்கை ரோசம்மாவின் புருஷன். அதற்காக அவள் ஒன்று கூட்டவுமில்லை, ஊர் வாய்க்குப் பயந்து ஒன்று குறைக்கவுமில்லை.

டிசம்பரோடு வேலை முடிகிறது என்று ராமையாவுக்குக் கடிதம் போனது. அவர் நூலகத்துக்கு வந்து, “மூணுதானாம்மா?” என்று கேட்டார்.

“மூணுதான் சார். ரெண்டு தடவ பாத்தேன்.”

“அந்த மூணு பேராவது படிச்சானுங்களே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு வருத்தமாக இருந்தது. எண்ணில் சந்தேகம் மட்டும் வரவில்லை.

அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நூலக வாசலில் நின்று, பத்துமலையைப் பார்க்க வேண்டும் என்றார். கெர்ட்ரூட் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொறுப்பாகச் சொன்னாள்: அது இங்கே இல்லை, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் முருகன் குகைக்கோயில், காலை பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்விடலாம், இருநூற்று எழுபத்திரண்டு படி, வெயிலுக்கு முந்தி ஏறுவது நல்லது. அவர் முழித்தார். இத்தனை படிக்கு மேலே உட்கார்ந்து அந்த மனிதர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று கேட்டார். பையிலிருந்து ஒரு கட்டுரையின் நகலை எடுத்து நீட்டினார். ரப்பரின் வேர்நோய் பற்றியது. எழுதியவர் ராமையா பத்துமலை.

அவள் வெள்ளைக்காரரை ராமையாவின் அறைக்கு அனுப்பிவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள். நமக்கு ஆள்தான் பேர். அப்பன் பேர் முன்னால் ஓர் எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்காரனுக்குக் கடைசியில் நிற்பதுதான் பேர். அடையாள அட்டையில் ‘ராமையா அனாக் லெலாக்கி பத்துமலை’, அதாவது பத்துமலையின் மகன் என்று இருப்பதை, அவர் வெளிநாட்டு இதழுக்கு அனுப்பும்போது நடுவில் இருந்ததை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார். கெர்ட்ரூட் தேடியது ராமையாவை. உலகம் மேற்கோள் காட்டியதோ, கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய அவருடைய அப்பாவை. அட்டவணைத் தொகுதிகளை மறுபடி பிரித்து அந்தப் பேரின் கீழ் எண்ணினாள். பத்துமலைக்கு நாற்பத்தொன்று.

ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயமா? நான்கு பேரையும் அப்பன் பேரில் மறுபடி தேடினாள். மற்ற இருவருக்கும் எதுவும் மாறவில்லை. ஸ்டானிஸ்லாசின் அப்பா பேர் ஆம்புரோஸ். ‘எஸ். ஆம்புரோஸ்’ என்று ஒரு பத்தி முழுக்க ஓடியது. அறுபத்திரண்டு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதையும் இரண்டு தடவை பார்ப்பவள், அன்று ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்கு ஓடினாள். “ரெண்டு பேருமே தப்பிச்சிருவாங்கடி” என்றாள். ரோசம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அந்தப் பக்கம் போனதும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் கெர்ட்ரூட் அந்தக் கட்டுரைகள் வந்த இதழ்களை எடுத்துப் பார்த்துவிட்டாள். எஸ். ஆம்புரோஸ் கனடாக்காரர். தேனீ ஆராய்பவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே தங்கையிடம் சொன்னாள். ரோசம்மா அக்காவைச் சுவரோரமாக இழுத்துப் போனாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எழுத்து ஒண்ணுதானேக்கா? புக்குல இருக்கறததானே எழுதச் சொல்றேன். பொய்யா எழுதச் சொல்றேன்?” என்றாள்.

“அது தேனீக்காரன்டி.”

“டைரக்டருக்குத் தேனீ எது பூச்சி எதுன்னு என்னா தெரியும்? அவரு நம்பர்தானே பாக்கறாரு.”

“எனக்குத் தெரியும்லா.”

“மூணு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க எங்கக்கா போறது? நீ வாயத் தொறக்காம இருந்தா அவரு வேல பத்திரமா இருக்குமே!”

அது உண்மை. தப்பான முதல் எண்ணிக்கையில் தங்கை குடும்பம் பிழைத்தது. சரியான எண்ணிக்கை அதை முடிக்கப்போகிறது. ஒரு மண்ணும் தெரியாத வெள்ளைக்காரர் அந்தப் பக்கம் வராமல் இருந்திருக்கலாமே என்றுகூட அவள் மனசு நினைத்தது. அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் தட்டச்சு செய்து டைரக்டர் மேசையில் வைத்தாள். ராமையா, நாற்பத்து நான்கு. ஸ்டானிஸ்லாஸ், ஒன்பது. முதல் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை என்னுடையது. டைரக்டர் கடைசி வரியைப் படிக்கவில்லை. நாற்பத்து நான்கைப் பார்த்து, “பாகுஸ்” என்று மலாயில் மெச்சிச் சந்தோஷப்பட்டார். இரண்டு கடிதங்கள் போயின: ராமையாவுக்கு ஒன்று, ஸ்டானிஸ்லாசுக்கு ஒன்று.

ரோசம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். கோயிலில் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். ஸ்டானிஸ்லாசுக்குக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை கிடைத்தது. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிசம்பர் கடைசியில், இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக்கொடுக்க அவர் நூலகத்துக்கு வந்தார். கெர்ட்ரூட் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முத்திரை குத்தினாள். எல்லாம் சரியாக இருந்தது.

“அக்கா, அந்தத் தேனீக்காரன் எழுதுனத ஒருக்கா காட்டுங்களேன்.”

அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து இதழை எடுத்துக்கொடுத்தாள். அவர் ஜன்னல் ஓரமாக நின்றபடியே படித்தார். மேலோட்டமாகப் புரட்டவில்லை, அட்டவணைகளில் விரல் வைத்து, முன்பக்கம் போய் ஒப்பிட்டு, ஒரு ஆராய்ச்சிக்காரர் படிப்பதுபோலக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அரை மணி நேரம் ஆனது. பிறகு இதழை மூடி, மேசையில் நேராக வைத்தார்.

“நல்லா எழுதியிருக்காருக்கா” என்றார். “இவருக்கு அறுபத்திரண்டு தகும்லா.”

சைக்கிள் சத்தம் கேட் தாண்டிப் போகும்வரை கெர்ட்ரூட்டால் தலையை நிமிர்த்த முடியவில்லை.