மொண்டு ஊற்றிய தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, மூட்டு மூட்டாக முடக்கிப் போடும் டெங்குக் காய்ச்சலை ஆராய விழுப்புரம் வந்தேன். வீட்டுத் தண்ணீரில் வளரும் கொசுதான் அதைப் பரப்புகிறது. திண்டிவனத்தில் ஒரு தெரு முழுக்கக் காய்ச்சல். அங்கே கொசுப்புழுவைக் கண்டுபிடித்துக் காட்டினால்தான் என் வேலை நிலைக்கும்.

அந்தத் தெருவின் பண்ணைக்காரர் வாசலிலேயே மறித்தார். நான் சேரியில் பிறந்தவன் என்ற செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"அங்கியே நில்லு. நீ பானையில கைய வுட்டா அப்பால அந்தத் தண்ணிய எவன் குடிக்கிறது? மொண்டு ஊத்தச் சொல்றேன், புடிச்சிக்கினு போ."

அவர் மனைவி எட்ட நின்று செம்பால் மொண்டு என் குடுவையில் ஊற்றினார். வீட்டுக்கு வீடு அதே கதை. ஒரு புழுகூட இல்லை. எப்படி இருக்கும்? செம்பின் நிழல் பட்டதுமே அது அடியில் போய்விடும். டார்ச் அடித்துக் குனிந்து, காத்திருந்து, அடியோடு துழாவ வேண்டும். யார் விட்டார்கள்?

மேலதிகாரி குடுவைகளைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த மாதமும் இப்படியென்றால் மூட்டை கட்டு என்றார். எனக்கு வயிறு எரிந்தது. கடவுளே, அந்தப் பண்ணைக்காரனுக்கே காய்ச்சல் வரட்டும் என்று ரயிலில் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

வந்தது. ஆள் அனுப்பினார், போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தார்.

"வாங்க டாக்டர், உள்ள வாங்க. எத்த வேணா தொட்டுப் பாருங்க. ஐயோ, இடுப்பு போவுதே!"

'வாங்க'வாம்! அவர் சொன்னதும் தெருவே கதவைத் திறந்தது. அவர் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். சட்டைக்கையை மடித்து, தொட்டி, அண்டா, சாமி அறைக் குடம் வரை முழங்கையை விட்டுத் துழாவினேன். விரலிடுக்கில் புழு நெளிந்தது. வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவர் மகன்களை விட்டே தெருவில் கொட்டவைத்தேன். வேலை பிழைத்தது. மனசு மட்டும் ஆறவில்லை.

ஒரே ஒரு பானை சுத்தமாக இருந்தது. அதிலும் கை விட்டிருந்தேன். ஊர்க் கிணறு உப்பு. குடிதண்ணீர் வண்டி மறுநாள்தான் வரும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் பானைகள் கவிழ்ந்து கிடந்தன.

"தண்ணி... தண்ணி குடும்மே," என்று அவர் முனகினார். மனைவி பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதாம்மா. புழு இல்ல. தாராளமா குடுங்க," என்றேன்.

பண்ணைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். செம்பு காலியாகும்வரை நான் நகரவில்லை.