வாயோரத்துப் புள்ளி

என் பேருந்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு விசில் தொங்குகிறது. ஓட்டுநருக்கு விசில் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. செங்கல்பட்டு–மாமல்லபுரம் தடத்தில் என்னோடு ஓடிய கண்டக்டர் அண்ணாத்தயுடையது அது.

ஒருநாள் காலை அவர் வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டது. வலப்பக்கம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தோம். செயலிழந்தது இடப்பக்கம், நல்ல பக்கம்தான் இழுக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அப்போது பிடித்த குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. மாத்திரையில் முகம் ஓரளவு நேரானது. விசில் மட்டும் வரவில்லை. ஊதினால் வாயோரமாகக் காற்று போனது. "விசிலு வர்லன்னா என்னிய டிப்போவுல குந்த வெச்சிடுவாங்க நைனா. ஜனமே இல்லாத எடத்துல குந்திகினு நான் இன்னா பண்றது?" என்றார். பயணிகளோடு வம்பளக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

மாமல்லபுரத்து அக்குபங்சர் டாக்டரம்மாவிடம் நான்தான் அழைத்துப்போனேன். உதட்டோரத்துக்குச் சற்று வெளியே, கருவிழிக்கு நேர்கீழே, மெல்லிய ஊசி வைத்தார். சீனர்கள் அந்த இடத்தை நிலத்தின் களஞ்சியம் என்பார்களாம். வாய் கோணினாலும், உதடு துடித்தாலும், எச்சில் ஒழுகினாலும் அங்கேதான் கை வைப்பார்களாம். "வூட்ல வெரலால அமுக்கி வுடுங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணாத்த வீடு போகும்வரை காத்திருப்பாரா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தப் புள்ளியில் விரலை அழுத்திக்கொண்டு ஊதினார். விசில் வந்தது! கண்ணாடியில் பார்த்து நான் பூரித்துப்போனேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. அந்த விரல் வியாதியைக் குணப்படுத்துகிறதா, காற்று போகும் ஓட்டையை அடைக்கிறதா? கேட்டே விட்டேன். "ஊதுது இல்ல? வண்டிய எடு" என்றார்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் கழுத்தில் மாலை, இரண்டு கையிலும் பயணிகள் கொடுத்த பழப்பைகள். விரல் வைக்கக் கை இல்லை. விசிலைக் கவ்வியபடி ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. உதடு நடுங்கியது, கண் கலங்கியிருந்தது. கோணல் போகவே இல்லையா, அழுகைதான் விசிலை அடைத்ததா, எனக்குத் தெரியவில்லை. கேட்காத அந்த விசிலுக்கு வண்டியை எடுத்தேன். இறங்கும்போது அதை என் கண்ணாடியருகே மாட்டிவிட்டுப் போனார்.

இப்போதைய கண்டக்டர் காது கிழிய ஊதுகிறார். ஊதிய பிறகும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். யார் முகத்தைத் தேடுகிறேன் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.