அம்மனிடம் பூக்கட்டிக் கேட்ட மென்பொருள்

எங்கள் குடும்பக் கோவிலுக்கு ஓர் இணையதளம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது நான்தான். தூத்துக்குடியில் வீட்டு முன்பக்கத்திலேயே மளிகைக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. அம்மன் இருப்பது தேரிக்காட்டுச் செம்மணலுக்குள். வருசத்துக்கு ஒரு தடவை கொடைத் திருவிழா. கோவிலுக்குப் பாத்தியப்பட்ட குடும்பங்களில் பாதி மும்பையிலும் சென்னையிலும் கடை வைத்திருக்கின்றன. ஒரு வருசம் போனில் இரண்டு தேதிகள் சுற்றி வந்ததில், நிறையப் பேர் ஒரு வாரம் முந்தியே வந்து இறங்கிவிட்டார்கள். அதிலிருந்து இணையதளத்தில் ஏறினால்தான் தேதி உறுதி என்று ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ரயிலுக்கு டிக்கெட் போடுவார்கள்.

மும்பையில் இருக்கும் என் அக்காவும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். மருமகள்கள் வந்த பிறகு வருவது நின்றுபோயிற்று. கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். இந்த வருசம் அவளை எப்படியாவது அம்மன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று இருந்தேன். தேதியைச் சீக்கிரம் ஏற்றிவிட்டால் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா.

அந்த நேரம் பார்த்து என் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி மகன், தான் வைத்திருந்த மேக் லேப்டாப்பை அனுப்பிவைத்தான். சந்தனம் குங்குமம் வைத்துத்தான் திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது, நான் இத்தனை வருசம் பழகியிருந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். கன்ட்ரோல் பட்டனை எத்தனை தடவை அழுத்தியும் ஒரு வரிகூட காப்பி ஆகவில்லை. மேக்கில் அதற்கு வேறு பட்டன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடம் யோசனை கேட்டேன். மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஏற்றிப் பழையதையே ஓட்டலாம் என்றார். தம்பி மகனோ, பழசை விடுங்கள், நான் ஒரு புது மென்பொருள் சொல்கிறேன், அதில் செய்ய முடியாதது எதுவுமே கிடையாது என்றான். எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் மனசு இப்படி இரண்டுபட்டால் கோவிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை போனோம். செவ்வரளி வந்தால் பழசு, நந்தியாவட்டை வந்தால் புதுசு. இரண்டையும் தனித்தனியாகத் தாளில் பொதிந்து அம்மன் காலடியில் போட்டார் பூசாரி. என் மனைவியை எடுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளைப் பூ.

அம்மன் உத்தரவு கிடைத்த தைரியத்தில் தம்பி மகன் சொன்னதை ஏற்றினேன். திறந்ததும் நடுவில் வெறும் பக்கம், சுற்றிலும் எண்ண முடியாத பட்டன்கள். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டினேன். படத்தை நகர்த்தினால் எழுத்து ஓடும். எழுத்தைப் பிடித்தால் படம் காணாமல் போகும். ஒருவழியாகக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக வந்ததே என்று அதைப் போனில் பார்த்தால், ‘கொடை அழைப்பு’ என்ற கொட்டை எழுத்து அம்மன் முகத்தின் மேலேயே விழுந்து கிடந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மனைவியிடம் காட்டினேன்.

“அவ மொகத்த மறைச்சிட்டு யாரக் கொடைக்குக் கூப்பிடுதிய?”

“ஏளா, வெள்ளைய எடுத்தது நீதான?”

“நீங்க ரெண்டுல எதுன்னு கேட்டிய. அவ ரெண்டுல ஒண்ணக் காட்டினா. மூணாவது ஒண்ணு உண்டுமான்னு நீங்க கேக்கவே இல்லியே.”

தம்பி மகனுக்குப் போன் போட்டேன். அதில் நான் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று அப்போதுதான் கேட்டான். தேதி மாற்ற வேண்டும், படம் போட வேண்டும், பஸ் வழி எழுத வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா பெரியப்பா என்றான். இதற்கென்றே எளிதாக ஒன்று இருக்கிறதாம். எதையும் ஏற்ற வேண்டாம், இணையத்திலேயே திறக்கும். பக்கம் எப்படி இருக்குமோ அப்படியே கண்ணுக்குத் தெரியும், எந்த வரியைத் தட்டுகிறோமோ அந்த வரியில் எழுதலாம். மேக்கானாலும் விண்டோஸானாலும் ஒன்றுதான். எங்கள் பழைய பக்கங்களை அவனே அதில் கொண்டுவந்து வைத்துத் தந்தான்.

ஆனால் பூக்கட்டிக் கேட்டுவிட்டு மாறி நடக்கலாமா? அது மனசை அரித்தது. பூசாரியையே கேட்டேன்.

“பழச விடுன்னுல்லா சொல்லிருக்கா அண்ணாச்சி. விட்டாச்சுல்லா? எந்தச் சட்டியில பொங்குதோம்னா அவ பாக்கா? பொங்குனாச் சரி.”

இருந்தாலும் ஒரு தேங்காய் உடைத்து, தாயே பொறுத்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

போனில் மட்டுமே எழுதிப் பழகிய என் மனைவிக்கு இது வந்தால் எனக்கும் வரும் என்று நினைத்து, அவளை முதலில் உட்காரவைத்தேன். உலையில் அரிசி கிடந்தது. ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தேன். கடைக்கு ஆள் வரவே எழுந்து போனேன். திரும்பி வந்தபோது சோறும் வடித்திருந்தது, பக்கமும் முடிந்திருந்தது. போனில் பார்த்தேன். மேலே அம்மனின் முழு முகமும் தெரிந்தது. அதை அடுத்துத் தேதி சரியாக இருந்தது. அப்படியே ஏற்றிவிட்டேன்.

இரண்டு நாளில் அக்கா கூப்பிட்டாள். எல்லாருக்கும் டிக்கெட் போட்டாயிற்று, மருமகள்களும் வருகிறார்கள் என்றாள். தேதியை முந்தியே போட்டது நல்லதாகப் போயிற்று என்று சொன்னேன்.

“தேதி வருசா வருசந்தான் போடுத. பொம்பளையளுக்குக் குளிக்க, துணி மாத்தத் தனி எடம் கட்டியாச்சுன்னு கடைசில போட்டிருக்கியே, அத ஏம்ல முன்னமே சொல்லல? பட்டணத்துப் பிள்ளையள அந்தக் காட்டுக்குள்ள எங்கன கூட்டிட்டு நிக்க நான்?”

அவசரமாகப் பக்கத்தைத் திறந்து கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. அந்த இடத்தைப் போன கொடை முடிந்ததுமே கட்டிவிட்டோம். செங்கல் இறக்கும்போது நானே நின்று பார்த்தேன். அதைப் பக்கத்தில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா வராமலிருந்த காரணமும் எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் நின்ற என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது.

“ஏளா, இத நீயா எழுதின?”

“தட்டினா எழுதலாம்னு நீங்கதான சொன்னிய.” கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். “தள்ளுங்க. மத்தியானம் மணல் சுடும், பிள்ளையளுக்குச் செருப்பு வேணும்னு ஒண்ணு போடணும்.”