சிட்டி எல்லைக்கு இந்தப் பக்கம் என் குப்பை வண்டி

குப்பை வண்டி ஓட்டுகிறவளுக்கு ஊரில் எல்லார் வீட்டு வாசலும் தெரியும், எந்த வீட்டுக்குள்ளும் நாற்காலி கிடையாது.

காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, வண்டிக்குப் பின்னால் நீங்களும் ஓடியிருப்பீர்கள். நிற்காமல் போன அந்த வண்டிக்குள் இருந்தவள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் பெங்களூரும் இல்லை, பெங்களூர் இல்லாமலும் இல்லை. பீன்யா தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் மாநகராட்சி முடிந்துவிடும். அதற்கு அடுத்த வீட்டிலிருந்து கிராமப் பஞ்சாயத்து. நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். ஐந்தாவது வரை படித்த நான் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தேன். மகளிர் சங்கத்தில் டிரைவிங் சொல்லிக்கொடுத்து, பஞ்சாயத்துக் குப்பை வண்டியின் சாவியைக் கையில் கொடுத்தார்கள். யாராவது பேர் கேட்டால் என் மகள் தர்ஷினியை முன்னால் நிறுத்தி அவளைச் சொல்ல வைக்கிற ஆள் நான். வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் யாரும் பேர் கேட்க மாட்டார்கள் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

வண்டிக்குப் பூஜை போட்ட நாள். பஞ்சாயத்துத் தலைவி சரோஜம்மா. பச்சைக் கொடி அவர் வீட்டுக்காரர் கையில். மைக்கும் அவர் வீட்டுக்காரர் கையில். சரோஜம்மா கையில் அவர் கழட்டிக் கொடுத்த மாலை இருந்தது. மெம்பர் முனிராஜண்ணா தேங்காய் உடைத்தார். அவர் கன்னடக்காரர், கோபம் வந்தால்தான் என்னோடு தமிழ் பேசுவார். அதனால் அவருடைய தமிழ் நாளுக்கு நாள் நன்றாக ஆகிக்கொண்டு வருகிறது.

முன்சக்கரம் ரெண்டுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டி முதலில் எந்தத் தெருவுக்குப் போவது? இடது பக்கம் தலைவி வீட்டுத் தெரு, வலது பக்கம் மெம்பர் வீட்டுத் தெரு. இந்த ஆட்கள் இந்தக் கதவைத் தட்டுகிறார்கள், அந்த ஆட்கள் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் போட்டுவிட்டேன். பின்னால் ஏரிக்கரை. அங்கே வீடே கிடையாது, ரெண்டு எருமை நின்றது. ரெண்டு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்திலேயே முழுசாக இருந்தன. முனிராஜண்ணா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணுக்கு வாயும் இல்ல, திசையும் இல்ல. சாவிய என் மச்சான் லோகேஷ்கிட்ட குடுத்திருந்தா நேரா எங்க வீட்டுக்கு வந்திருப்பான்.”

அடுப்படி சிட்டியில்

அன்றிலிருந்து அவருக்கு என் சாவிமேல் கண். எனக்கோ அதற்குள் வண்டிமேல் ஆசை வந்துவிட்டது. ‘தர்ஷினி அம்மா’ என்று கூப்பிட்டவர்கள் ‘டிரைவரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். திரும்பவும் ஊதுபத்திக்குப் போவதை நினைத்தாலே தும்மல் வரும். அதனால் எந்தத் தப்புக்கும் இடம் கொடுக்காமல் ஓட்டினேன். ஆனால் தப்பு நடக்காமல் ஓட்ட முடியாத வீடு ஒன்று உண்டு. கல்பனா ஆன்ட்டி வீடு.

எல்லைக் கோடு அந்த வீட்டுக்கு நடுவில் போகிறது. வாசல் பஞ்சாயத்தில், அடுப்படிக் கதவு மாநகராட்சியில். பழைய பேப்பர், பிளாஸ்டிக் எல்லாம் வாசல் வழியாக என் வண்டிக்கு வரும். காய்த்தோல், மீந்த சோறு பின்கதவு வழியாக சிட்டி வண்டிக்குப் போகணும். சிட்டி வண்டி வராத நாளில் ஆன்ட்டி ஈரக்குப்பை வாளியை ஹாலைத் தாண்டி வாசலுக்குக் கொண்டுவருவார். “அது நம்ம அடுப்படி இல்ல, எடுக்காதே” என்பார் முனிராஜண்ணா. “வாசலைத் தாண்டிட்டா நம்ம குப்பைதான், எடு” என்பார் தலைவியின் வீட்டுக்காரர். நான் வாளியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், ஆன்ட்டி இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அவருக்கு அலுத்துப்போனது. “ஆக்கறது சிட்டியில, சாப்பிடறது பஞ்சாயத்துல. எங்க வீட்டுக்காரரு மட்டும்தான் எதுலயும் சேராம நடுவுல சோஃபாவுல கிடக்கறாரு. அவரை எந்த வண்டியில ஏத்தறதுன்னு சொல்லுங்க, வாளியை அப்புறம் பாக்கலாம்.”

கும்பிட்ட கை

சிட்டிக்காரர்கள் சிலர் ஆபீஸ் போகிற அவசரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே, எல்லை தாண்டியதும் கவரை வீசிவிட்டுப் போவார்கள். பந்து போடுகிற மாதிரி கை சுழலும். நாங்கள் அங்கே கோலம் போட்டோம். கோலத்துக்கு நடுவில் சரியாக வீசினார்கள். முனிராஜண்ணா பெரிய பேனர் கட்டினார். அதில் அவர் ரெண்டு கையும் கூப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே குப்பை போடாதீர்கள் என்று கன்னடத்தில் எழுதியிருக்கிறது.

மறுநாள் குப்பை இரட்டிப்பாகக் கிடந்தது. வாரிக்கொண்டிருந்தபோதே ஒரு தமிழ்க்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்கி, மரியாதையாக ஒரு கவரை பேனர் காலடியில் வைத்தார். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. விளக்குமாற்றை மட்டும் பேனர் பக்கம் நீட்டிக் காட்டினேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தார். “இவ்ளோ பணிவா கும்பிட்டு நிக்கிறாரு, ஒண்ணும் குடுக்காம எப்பிடிம்மா போறது?”

சாப்பிடக் கூப்பிடுகிற குரல்

என் வண்டியில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதில் முனிராஜண்ணாவின் குரல்தான் ஓடும். நான் உங்கள் மெம்பர் பேசுகிறேன், பச்சை வாளியில் ஈரக்குப்பை, நீல வாளியில் உலர்ந்த குப்பை. எனக்கு அது பெரிய நிம்மதி. அவர் கத்துவார், நான் ஓட்டுவேன். ஒரு மழையில் தண்ணீர் புகுந்து மெம்பர் ஊமையாகிவிட்டார். சத்தமில்லாத வண்டிக்கு யார் வருவார்கள்? காலியாகப் போய்க் காலியாகத் திரும்பினேன். “பாத்தீங்களா, வாயில்லாதவளுக்கு வண்டி எதுக்கு? வர்ற கிராம சபையில பேசி முடிச்சிடலாம்” என்று முனிராஜண்ணா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது.

பள்ளிவாசல் தெருவில் ரஹ்மத் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “அரே, சாயந்திரம் உன் பொண்ணைச் சாப்பிடக் கூப்பிடறியே, எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. அதே குரல்ல கூப்பிடு. குப்பைன்னு நினைக்காத, தர்ஷினின்னு நினைச்சுக்கோ.” கன்னடத்தில் குப்பைக்குக் கசா என்று பேர். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ரசம் ஆறுகிறது என்று மனசில் நினைத்து, “கசாஆஆ…” என்று விட்டேன். நாய் எழுந்து ஓடியது. கதவெல்லாம் திறந்தது. முகம் கழுவாமல், பல்லில் பேஸ்ட்டோடு, வாளியும் கையுமாகத் தெருவே வந்து நின்றது. ரஹ்மத் அக்கா தன் வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார். “இந்தக் குரலுக்கு வாளியோட வந்தது தப்புடி. தட்டோட வந்திருக்கணும்.”

கிராம சபை

சபை நாளன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் மெம்பர்கள், பின்னால் பாதிக்கு மேல் பெண்கள். மேடையில் சரோஜம்மா, பக்கத்தில் மைக்கோடு அவர் வீட்டுக்காரர். சாவியை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் லோகேஷ் புதுச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். முனிராஜண்ணா எழுந்து, ஊர் சுத்தம், பெண்கள் பாதுகாப்பு, நாட்டு முன்னேற்றம் எல்லாம் பேசிவிட்டு என் பேருக்கு வந்தார். இந்தப் பெண்ணுக்குப் பேச்சு வராது, ஜனங்களிடம் எப்படி எடுத்துச் சொல்லும்? வேண்டுமானால் இப்போது பேசட்டும் என்றார். தலைவியின் வீட்டுக்காரர் மைக்கை என் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

பேசுவதற்கு ராத்திரியே நாலு வாக்கியம் தயார் செய்து, வீட்டுக்காரரிடம் ஒப்பித்தும் வைத்திருந்தேன். அவ்வளவு முகத்தையும் பார்த்ததும் நாலும் போய்விட்டது. மேஜைமேல் சாவி மட்டும் தெரிந்தது. கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். பழக்கத்தில் எது வருமோ அது வந்தது. “கசாஆஆ…”

மைக்கில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். கொஞ்சம் பேர் முந்தானையைச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடியே விட்டார்கள். ரஹ்மத் அக்கா சிரிப்பு தாங்காமல் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டார், பந்தலும் சேர்ந்து ஆடியது. மைதானத்துக்கு எதிர்வீட்டிலிருந்து முனிராஜண்ணாவின் அம்மா ஒரு கையில் பச்சை வாளி, மறுகையில் நீல வாளியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கே வந்துவிட்டார். லோகேஷ் தன் புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டு ரெண்டடி பின்னால் நகர்ந்தார். அந்த அம்மா மகனைப் பார்த்து, “டேய் முனிராஜு, பேச்சை அப்புறம் வெச்சுக்கோ. வண்டியை எங்க நிறுத்தியிருக்கு அந்தப் பொண்ணு?” என்றார்.

முனிராஜண்ணா வாளிகளை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்போதுதான் சரோஜம்மா, தலைவியாகி முதல் தடவையாக, வீட்டுக்காரர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினார். ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். சாவியை எடுத்து என் கையில் வைத்தார். “பேச்சு வரலைன்னீங்க. ஒரு வார்த்தைதான் பேசிச்சு, பாதி சபை கிளம்பிப் போயிடுச்சு. நாம அஞ்சு வருஷமா பேசறோம், ஒருத்தராவது எழுந்திருச்சாங்களா?”

ஸ்பீக்கரை இப்போது ரிப்பேர் செய்தாயிற்று, ஆனால் அதைப் போட யாரும் விடுவதில்லை, வாயில்லாதவள் என்று சொன்ன முனிராஜண்ணா மட்டும் தினமும் காலையில் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார்.